படத்தில் இருப்பது ரைஃபிள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவில் ஓய்வுபெற்ற கிழவர்கள் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து 'நாட்டுத் துப்பாக்கி' செய்கிறார்கள் என்று ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. தண்ணீர்க் குழாயை அறுத்துக் கட்டையில் கட்டி ஒரே வாரத்தில் வேலையை முடித்துவிடுகிறார்களாம். கென்டக்கிக்காரர்கள் கண்டுபிடித்த கலையாம். படத்துக்குக் கீழே 'ரைஃபிள்' என்று போட்டிருந்தீர்கள். மூன்றும் தவறு. மூன்றாவது தவறுதான் என்னைப் பேனாவை எடுக்க வைத்தது. அதற்காக மற்ற இரண்டையும் சும்மா விடுவதாக இல்லை.

நான் எழுத்தாளன் இல்லை. கோயம்புத்தூர்ப் பீளமேட்டில், ஜவுளி இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் டூல் ரூம் ஃபிட்டராக 34 ஆண்டுகள் அரம் பிடித்தவன். கடந்த 6 ஆண்டுகளாகப் பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டரில் மகள் வீட்டில் இருக்கிறேன். தை மாதத்தில் இங்கே வெளியே தலை காட்ட முடியாது. மகளும் மருமகனும் வேலைக்கும் பேத்தி பள்ளிக்கும் போன பிறகு வீட்டில் நானும் ஹீட்டரும்தான். அப்படி ஒரு காலையில் குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துவரப் போனபோது, பக்கத்து வீட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அரத்தின் சத்தம். இன்னும் சரியாகச் சொன்னால், பல்லில் பித்தளை ஒட்டிக்கொண்ட அரத்தின் கிறீச்சொலி. முப்பது வருடம் பட்டறையில் இருந்தவனுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா நடந்து போக வராது.

எட்டிப் பார்த்தேன். எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் வைஸில் ஒரு பித்தளை வார்ப்பைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். அதுவரை கையசைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும்தான். என் ஆங்கிலத்தை நம்பாமல் பேத்தியின் சுண்ணக்கட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு போய், அவர் அரத்தில் நன்றாகத் தேய்த்துக் கொடுத்தேன். சுண்ணம் பல்லிடுக்கை அடைத்துக்கொண்டால் பித்தளைத்தூள் ஒட்டாது. ஒரு தட்டுத் தட்டினால் உதிர்ந்துவிடும். அவர் நாலு இழுப்பு இழுத்துப் பார்த்தார். சத்தம் இல்லை. அரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளினார்.

அந்தப் பித்தளை என்ன என்று கேட்டபோதுதான், துப்பாக்கி விசைக்குக் காப்பாக அடியில் வரும் வளைவு என்றார். எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது உண்மை. என் பேத்தி ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். யாராவது துப்பாக்கியோடு பள்ளிக்குள் நுழைந்தால் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, மூலையில் மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்று அவளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அதை அவள், நம் வீட்டுப் பிள்ளைகள் கூட்டல் கணக்கைச் சொல்வது போலச் சாப்பாட்டு மேசையில் சொல்வாள். எனக்குச் சோறு இறங்காது. ஆகவே இந்த நாட்டின் துப்பாக்கி மோகத்துக்கு நான் வக்காலத்து வாங்குவதாக உங்கள் வாசகர்கள் நினைக்க வேண்டாம். என் வழக்கு வேறு.

பெரியவர் அலமாரியிலிருந்து ஒரு நீண்ட குழலை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பி என் கண்ணருகே பிடித்தார். உள்ளே பார்த்தேன். வெளிச்சத்தில் ஏழு வரிகள் மெல்ல வளைந்து வளைந்து தூரத்து வாய் வரை ஓடின. நிறுத்தி நிதானமாகச் சுற்றுகின்றன: 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குழலின் நீளமோ 42 அங்குலம். அதாவது குண்டு வெளியேறும்போது உள்ளே ஒரு முழுச் சுற்றுக்கூட முடிந்திருக்காது. ஆனால் அந்தச் சுழற்சி போதும். பம்பரம் சுற்றும்வரை சாய்வதில்லை அல்லவா, அதே கணக்குதான். இந்தச் சுழல்வரிக்குப் பெயர்தான் ரைஃபிளிங். இது இருந்தால் ரைஃபிள். இல்லாவிட்டால் அதற்கு எவ்வளவு பெரிய மீசை வைத்த ஆள் சொந்தக்காரராக இருந்தாலும் ரைஃபிள் இல்லை.

நாட்டுத் துப்பாக்கியில் வரி கிடையாது. அன்னூர்ப் பக்கம் நான் சிறுவனாக இருந்தபோது, ஊருக்கு வெளியே கூடாரம் போட்டிருந்த நரிக்குறவர் ஒருவர் துப்பாக்கி கெட்டிப்பதை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். குழலின் வாய்வழியாக வெடிமருந்து, அதன்மேல் தேங்காய் நார், அதன்மேல் சில்லறைச் சில்லறையாக ஈயக் குண்டு, மேலே மறுபடி நார், பிறகு கம்பியால் இடி. கொக்குக்கும் காடைக்கும் அது போதும். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; அந்தப் பிழைப்பும் போயிற்று. வாய்வழியாகக் கெட்டிப்பது என்பதில் மட்டும்தான் அந்தத் துப்பாக்கிக்கும் பெரியவரின் கையிலிருந்ததற்கும் உறவு. இங்கே ஒற்றைக் குண்டு. குழலின் உள்விட்டம் 0.45 அங்குலம், குண்டு 0.44. இடையிலுள்ள அந்த மயிரிழையை எண்ணெய் தோய்ந்த ஒரு துண்டுத் துணி அடைக்கிறது. வரியைப் பற்றிக்கொண்டு சுழல்வது துணிதான். அது சுழல்வதால் குண்டும் சுழல்கிறது. இதைக் கண்டுபிடித்தவனுக்கு நான் என் டூல் ரூமில் வேலை கொடுத்திருப்பேன்.

கென்டக்கி விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். இந்த நீளக் குழல் ரைஃபிள் பிறந்தது, நான் காய்கறி வாங்கும் இதே லங்காஸ்டர் வட்டாரத்தில். 18ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பிலடெல்பியாவில் கப்பலிறங்கி இந்தப் பக்கம் குடியேறிய ஜெர்மானிய, சுவிஸ் கொல்லர்கள் தங்கள் ஊர் வேட்டைத் துப்பாக்கியின் நுணுக்கத்தோடு வந்தார்கள். அங்கே அது குட்டையாக, தடித்த குழலோடு இருந்தது. இங்கே காட்டுக்குள் வாரக்கணக்கில் நடப்பவனுக்கு ஈயமும் மருந்தும் சுமை. எனவே குழலின் துளையைச் சிறிதாக்கினார்கள், நீளத்தைக் கூட்டினார்கள். 1740இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் பிறந்த ஜேக்கப் டிக்கர்ட் என்ற கைவினைஞர் இதே லங்காஸ்டரில் பட்டறை வைத்து, 1822இல் இங்கேயே இறந்தார். அவர் காலத்து ரைஃபிள்களைப் பார்க்க வேண்டுமானால் லாண்டிஸ் வேலி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். எங்கள் வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரம். கென்டக்கி என்ற பெயர், 1815இல் நியூ ஆர்லியன்ஸில் நடந்த போரைப் பற்றி எழுந்த ஒரு பாட்டால் பரவியது. செய்தவன் ஒருவன், பெயர் வாங்கியவன் வேறொருவன். இது நம் ஊரிலும் நடப்பதுதான்.

தண்ணீர்க் குழாய்க்கு வருவோம். பெரியவர் குழலை வீட்டில் செய்யவில்லை. குழல் மட்டுமே செய்யும் ஒரு பட்டறையில் ஆர்டர் கொடுத்து, எட்டு மாதம் காத்திருந்து வாங்கினார். அது ஒன்றும் குறைவில்லை. பழைய காலத்து லங்காஸ்டர் கொல்லர்களில் பலரும்கூட சிக்கிமுக்கிக் கல்லால் பொறி உண்டாக்கும் 'லாக்' என்ற பகுதியை இங்கிலாந்திலிருந்து வரவழைத்துத்தான் பொருத்தினார்கள். எல்லாவற்றையும் ஒருவரே செய்ய முடியும் என்று 1960களில் காட்டியவர், வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் பழைய நகரத்தில் கொல்லராக இருந்த வாலஸ் கஸ்லர். இரும்புப் பட்டையைக் காய்ச்சி, கம்பியின்மேல் சுற்றி அடித்துக் குழலாக்கி, வரி வெட்டி, லாக்கையும் தானே அரத்தால் இழைத்து, கட்டையும் செதுக்கினார். அது தவம். எங்கள் பெரியவருக்கு முழங்கால் வலி, எனக்குச் சர்க்கரை. குழலை வாங்கிவிட்டோம்.

'வாங்கிவிட்டோம்' என்று பன்மையில் எழுதுகிறேன் பாருங்கள். அந்த முக்காலியில் உட்கார்ந்தவன் 14 மாதம் எழுந்திருக்கவில்லை.

இனி நான் எழுத விரும்பிய விஷயம். ஐந்தடி நீளத்தில் ஒரு மேப்பிள் பலகை. அதன் மேல்விளிம்பில் குழல் படுப்பதற்கு ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். குழல் எண்கோணம். அதுவும் நேரான எண்கோணம் இல்லை. மருந்து வெடிக்கும் பின்பக்கம் பருத்து, நடுவில் இடை மெலிந்து, வாய்ப்பக்கம் மறுபடி லேசாக விரியும். எட்டுப் பட்டையில் ஐந்து பட்டை மரத்துக்குள் போகும். இடைவெளி என்று ஒன்று எங்கேயும் இருக்கக் கூடாது. கட்டுரையாளர் 'கட்டையில் கட்டி' என்று இரண்டு சொல்லில் கடந்து போனது இந்த வேலையை.

பெரியவர் ஒரு சிம்னி விளக்கின் கண்ணாடியைக் கழற்றி, திரியைத் தூண்டிப் புகைய விடுவார். அந்தப் புகையில் குழலின் அடிப்பக்கத்தை மெதுவாக நகர்த்திக் காட்டுவார். கரி படியும். குழலைப் பள்ளத்தில் வைத்து மரச்சுத்தியால் இரண்டு தட்டு. தூக்கிப் பார்த்தால், மரம் எங்கே இடிக்கிறதோ அங்கே மட்டும் கரும்புள்ளி. அந்தப் புள்ளியை மட்டும் உளியால் சீவ வேண்டும். பக்கத்தில் வெள்ளையாக இருக்கும் மரத்தைத் தொட்டால் அங்கே பள்ளம் விழுந்துவிடும். பிறகு ஆயுளுக்கும் இடைவெளிதான். சீவல் வெங்காயத் தோல் கனத்துக்கு வந்தால் சரி. மறுபடி புகை, மறுபடி தட்டு, மறுபடி புள்ளி. முதல் நாள் முழுக் குழலுக்கும் மூன்றே புள்ளிகள். ஒரு மாதத்துக்குப் பிறகு முப்பது. கடைசியில் பள்ளம் முழுவதும் அம்மை போட்டது போல ஒரே கரும்புள்ளியாக வந்த அன்று, குழலைப் பலகையோடு தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். ஒரு ஆணி இல்லை, ஒரு சொட்டுப் பசை இல்லை. குழல் விழவில்லை.

இதை முதல் நாள் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசல் இயந்திரத்தின் அடித்தளமான லேத் பெட்டைச் சுரண்டும்போது நான் செய்ததும் இதுதான். அங்கே கரிக்குப் பதில் புரூஷியன் ப்ளூ என்ற நீலச் சாந்து, மரத்துக்குப் பதில் வார்ப்பிரும்பு, உளிக்குப் பதில் ஸ்கிரேப்பர். ப்ளூ அடித்து, சமதளம் பார்க்கும் சர்ஃபேஸ் பிளேட்டில் தேய்த்து, புள்ளி பார்த்துச் சுரண்டி, ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று சூப்பர்வைசர் எண்ணிய பிறகுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு. 1971இல் நான் பயிற்சியாளனாகச் சேர்ந்தபோது முதல் ஆறு மாதம் இதைத் தவிர வேறு வேலை தரவில்லை. இதைப் பெரியவரிடம் எப்படிச் சொல்வது? கையால் காட்டினேன். புரிந்துகொண்டார். மறுநாள் ஓர் உளியை என் கையில் கொடுத்தார். எங்கோ கோயம்புத்தூரில் விட்டுவிட்டு வந்ததாக நினைத்த ஒரு கை, மணிக்கட்டில் அப்படியே இருந்தது.

அந்தக் கர்வம்தான் என்னைக் கவிழ்த்தது. குழலின் அடியில் மூன்று சிறு காதுகள் இருக்கும். பக்கவாட்டில் துளையிட்டு மரத்தையும் காதையும் சேர்த்து ஊசி செருகினால் குழல் கட்டையோடு நிற்கும். அந்தக் காதுகளுக்குப் பள்ளம் எடுக்கும்போது நடு இடத்தில் நான் ஒரே ஒரு தள்ளு அதிகமாகத் தள்ளிவிட்டேன். முன்கட்டையின் பக்கச்சுவர் ஒரு பழைய ஐந்து ரூபாய் நாணயத்தின் கனம்கூட இருக்காது. உளி வெளிப்புறம் மூக்கை நீட்டியது. நகக்கண் அளவு மரம் பிய்ந்து தரையில் விழுந்தது. மாதக்கணக்கான உழைப்பு. அதுவும் என் உழைப்பு இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். குனிந்து அந்தச் சில்லைத் தேடி எடுத்தார், வஜ்ஜிரம் தடவி ஒட்டினார், கட்டுப் போட்டார், காப்பி குடிக்க என்னைக் கூப்பிட்டார்.

காப்பி குடிக்கும்போது சொன்னார்: பழைய ரைஃபிள்களில் வெள்ளியில் நட்சத்திரம், பிறை, இதயம் என்று நிறையப் பதித்திருப்பார்கள். பார்க்கிறவர்கள் அழகு என்பார்கள். பாதிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கொல்லனுக்கு மட்டும்தான் தெரியும். இதை அவர் என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரோ உண்மையாகவே சொன்னாரோ, நான் கேட்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய கால் டாலர் காசை எடுத்துக் கொடுத்தார். இந்த நாட்டில் 1964 வரை அடித்த கால் டாலரில் 90 சதவீதம் வெள்ளி. பழைய கொல்லர்களும் காசைத் தட்டித்தான் தகடு எடுத்தார்கள். காய்ச்சி, தட்டி, மறுபடி காய்ச்சி, தகடாக்கி, தட்டான் ரம்பத்தால் எட்டு முனை நட்சத்திரம் ஒன்றை அறுத்தேன். முனைகளை முக்கோண அரத்தால் கூராக்க மூன்று நாள் பிடித்தது. அதை ஒட்டின இடத்தின்மேல், ஊசித் துளைக்கு நேராகப் பதித்தோம். இந்தப் பதிப்பில் புள்ளியளவும் இடைவெளி இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

லாக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கே தனிக் கடிதம் வேண்டும். தோலில் பொதிந்த சிக்கிமுக்கிக் கல் ஒன்று விசையால் முன்னே பாய்ந்து ஓர் எஃகு நாக்கை உரசும். நாக்கு மேலே திறக்கும், பொறி கீழே கிண்ணியிலுள்ள மருந்தில் விழும். எஃகு நாக்கில் கடினமேற்றும் தோய்ச்சல் சரியாக ஏறாவிட்டால் கல்லும் இரும்பும் கட்டிப் புரண்டாலும் பொறி வராது. எங்கள் நாக்கு முதலில் வெறும் இரும்பு போல இருந்தது. அரத்தை ஓர் ஓரத்தில் வைத்து இழுத்தேன், கடித்தது. அரம் கடித்தால் தோய்ச்சல் இல்லை என்று எங்கள் ஊர் ஆசாரி அரிவாள் பார்க்கும்போது சொல்வார். மறுபடி காய்ச்சித் தோய்த்தோம். அரம் கண்ணாடிமேல் போவது போல வழுக்கியது. கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு விசையை விட்டார். இருட்டில் கார்த்திகைச் சுளுந்து போலக் கொத்தாகப் பொறி கொட்டியது. இரண்டு கிழவர்களும் அன்று அதைப் பதினைந்து தடவையாவது செய்து பார்த்தோம். கல்தான் தேய்ந்தது.

கட்டைக்கு நிறம் ஏற்றியதைச் சொல்லாவிட்டால் மேப்பிளுக்குத் துரோகம். இது நம் தேக்கு மாதிரி பார்த்தவுடன் தன்னைக் காட்டும் மரம் இல்லை. செதுக்கி முடித்தபோது வெளுத்துப்போய், சோகை பிடித்த முகம் மாதிரி இருந்தது. இதற்கா இவ்வளவு விலை என்று நினைத்தேன். இரும்பு கரைத்த அமிலத்தைப் பெரியவர் துணியால் பூசினார். நானும் ஆவலோடு பார்த்தேன். மரம் அழுக்குப் பச்சையாயிற்று, வயிற்றைக் கலக்கியது. பிறகு வெப்பக் காற்றடிக்கும் கருவியை எடுத்துக் கட்டைமேல் மெதுவாக நகர்த்தினார். சூடு போன வழியெல்லாம் பச்சை போய், செம்பழுப்பு எழுந்தது. அதற்குள்ளிருந்து குறுக்கே குறுக்கே கரும்பட்டைகள், புலியின் விலா மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி வந்தன. கட்டையைச் சாய்த்தால் பட்டைகள் இடம் மாறி, இருண்டது வெளிச்சமாகவும் வெளிச்சமானது இருட்டாகவும் மாறும். மேலே ஆளி விதை எண்ணெய், உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து, ஒரு மாதம். பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் கட்டையைத் தடவினாள். குழலைத் தொடவில்லை.

சுட்டுப் பார்த்தது ஏப்ரலில், அவர் தம்பியின் பண்ணையில். முதல் வெடியை யாரும் தோளில் வைத்துப் பார்ப்பதில்லை. பழைய லாரி டயரில் படுக்க வைத்துக் கட்டி, விசையில் நீளக் கயிறு கட்டி, ஒரு கட்டைச்சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். கயிற்றை என்னிடம் கொடுத்தார். இழுத்தேன். கிண்ணியில் மட்டும் புஸ்ஸென்று ஒரு தீ. தீபாவளியன்று நமுத்துப்போன பட்டாசுத் திரி எரிந்து அணையுமே, அதே ஏமாற்றம். அடுத்த வீட்டுப் பையன்போல உடனே ஓடிப் போய்ப் பார்க்க எழுந்தவனைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். வெகுநேரம் காத்திருந்த பிறகுதான் அருகில் போனோம். கிண்ணியிலிருந்து குழலுக்குள் தீ போகும் துளையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, கிண்ணியில் புது மருந்து வைத்து, திரும்பி வந்து மறுபடி இழுத்தேன். இந்த முறை முழங்கியது. வெள்ளைப் புகை புல்மேல் உருண்டு வந்து எங்கள்மேல் ஏறியது. கந்தக வாடை. கண்ணை மூடினால் பீளமேட்டில் தீபாவளி விடியற்காலை நாலரை மணி. பிறகு அவர் தோளில் வைத்து ஐம்பது கஜத்தில் காகிதத்தைச் சுட்டார். எனக்கும் நீட்டினார். கயிறு இழுத்தது போதும் என்றேன்.

கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் தொடங்கும் மான் வேட்டைக்கு இனி இதைத்தான் எடுத்துப் போவாராம். பென்சில்வேனியாவில் 1974 முதல் இதற்கென்றே ஒரு பருவம் விட்டிருக்கிறார்கள். சிக்கிமுக்கிக் கல் வைத்த துப்பாக்கிக்கு மட்டும்தான் அப்போது அனுமதி. பனியில் மருந்து ஈரமாகி மான் தப்பிக்க நிறைய வாய்ப்பு உண்டு என்றார். என் பிரார்த்தனை யார் பக்கம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

சட்டத்தைப் பற்றி உங்கள் கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் படிப்பவர்களில் கைத்துறுதுறுப்பு உள்ள இளைஞர்கள் இருப்பார்கள். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், கருமருந்தால் மட்டுமே இயங்கும், வாய்வழியாகக் கெட்டிக்கும் இந்த ரகத்தை மற்றத் துப்பாக்கிகளின் கணக்கில் சேர்ப்பதில்லை. நம் நாட்டில் அந்தச் சலுகை இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டுகள் சிறை. ஆயுள் வரையும் போகலாம். உளி பிடிக்க ஆசையுள்ளவர்கள் ஊஞ்சல் பலகை செய்யட்டும், வீணை செய்யும் தஞ்சாவூர்ப் பட்டறையில் போய் உட்காரட்டும். கரும்புள்ளி பார்த்துச் சீவும் வேலை எல்லா மரத்திலும் இருக்கிறது.

கடைசியாக, அந்தப் படம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். குழல் உருண்டை, எண்கோணம் இல்லை. வாயில் என் கட்டைவிரல் நுழையும். நுனியில் துப்பாக்கிச் சனியன் (பயோனெட்) மாட்டுவதற்கான சின்ன முட்டு இருக்கிறது. லாக் தகட்டில் கிரீடமும் ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும் 'ஜி.ஆர்.' என்ற எழுத்துகளும் தெரிகின்றன. இது பிரிட்டிஷ் பட்டாளத்தின் 'பிரவுன் பெஸ்' என்ற மஸ்கட் ரகத் துப்பாக்கி. உள்ளே வரி கிடையாது, 0.75 அங்குலத் துளை, வழவழவென்று. இதிலேயே 39 அங்குலக் குழல் வைத்த ஒரு வகைக்கு 'இந்தியா பேட்டர்ன்' என்றே பெயர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செய்ததைத்தான் 1790களில் பிரிட்டிஷ் இராணுவமும் எடுத்துக்கொண்டது. நம் ஊர்ச் சிப்பாய்களின் தோளில் கம்பெனி சுமத்திய துப்பாக்கியை, நம் பத்திரிகையிலேயே அமெரிக்கக் கிழவர் வீட்டில் செய்த ரைஃபிள் என்று அச்சடித்திருக்கிறீர்கள்.

திருத்தம் போட இடமிருக்கிறதோ இல்லையோ, படமாவது மாற வேண்டும் என்று இத்துடன் ஒரு படம் இணைத்திருக்கிறேன். மகள் எடுத்தது. பெரியவரின் முகம் வராமல் பார்த்துக்கொண்டோம். அது அவர் விருப்பம். முன்கட்டையின் நடுவில் ஒரு வெள்ளி நட்சத்திரம் தெரியும். 'அழகுக்காகப் பதித்தது' என்று மட்டும் கீழே எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பீளமேட்டு ஃபிட்டர் ஒருவன்
லங்காஸ்டர், பென்சில்வேனியா